மாலை போட்ட மிஷின்

1

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மிஷின் சிஸ்டர். பெருமைக்கு வைத்த பெயர் என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். பிள்ளை மருந்து குடிக்க மறுத்தால் "மிஷின் சிஸ்டர்ட்ட விட்டுருவேன்" என்று மிரட்டுகிற தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். பிள்ளையும் உடனே வாயைத் திறந்துவிடுகிறதாம். இந்தப் பம்பாயில் இத்தனை வருஷம் நர்ஸாக உழைத்து நான் சம்பாதித்த பெயர் இவ்வளவுதான்.

நேற்று கையில் சுடுதேநீர் கொட்டிய ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கூட அவன் மனைவி. நான் இப்போது வெளிநோயாளிப் பிரிவில், புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் இருக்கிறேன். வாசலுக்கு வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நின்றான். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"வேற சிஸ்டர் யாரும் இல்லியா?" என்றான்.

அவன் பெயர் ஷாகுல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராவியில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். அவன் ஏன் அப்படிக் கேட்டான், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்று தசரா வேறு. காலையில் ஆஸ்பத்திரியில் மிஷின்களுக்கெல்லாம் கேந்திப்பூ மாலை போட்டு, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். அதில் பெரிய மாலை தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூலையில் நிற்கிற மூச்சு மிஷினுக்கு. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு ஒரு பால்பேடா கொடுத்தார்கள்.

2

ஊரிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, மகளை நர்சிங்கில் சேர்த்திருக்கிறோம், பம்பாயில் ஒரு வழி பண்ணுங்கள் என்று இருக்கும். மறுபாதி, சீமைக்குப் போய் வந்தீர்களாமே, எங்கள் மகளுக்கும் அதற்கொரு வழி சொல்லக்கூடாதா என்று இருக்கும். சொல்லுகிறேன். மகளை அடகு வைக்கிறதுக்கு முன்னால் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் ஒரு தர்ம நிதி. மருத்துவ இயந்திரங்களைக் கையாள்வதில் நர்ஸ் தலைவிகளை முன்னேற்றுவதற்கான உதவித்தொகை என்று ஒன்றை அது கொடுத்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மூச்சு மிஷினை இனாமாக அனுப்புவார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு சிஸ்டரை ஆறு மாதம் அங்கே வரவழைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து அவள் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

ஆளைத் தேர்ந்தெடுக்க சூப்பரின்டென்டென்ட் டாக்டரும், மேட்ரனும், ஜவுளி வியாபாரியான ஒரு டிரஸ்டியும் உட்கார்ந்தார்கள். தலைவி என்றால் யார் என்று சூப்பரின்டென்டென்ட் கேட்டார். "வார்டில் ஒரு சாமான் காணாமல் போனால் யாரைத் திட்டுவீர்களோ அவள்தான்" என்றேன். சிரித்தார்கள். டிரஸ்டி மட்டும் சிரிக்காமல், நான் போய்விட்டால் என் வீட்டுக்காரருக்கு யார் சமைப்பார்கள் என்று கேட்டார். அவர் ஃபிட்டர், ஸ்டவ் பற்றவைக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றேன். மேட்ரன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கினார் என்று பிறகு தெரிந்தது. இதைச் சொல்லாவிட்டால் அவரை நீங்கள் ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியில்லை. ராட்சசியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

பிறகு பாஸ்போர்ட். நர்சிங் சர்டிபிகேட்டில் நான் பி. ஞானசுந்தரி. ரேஷன் கார்டில் ஞானசுந்தரி செல்வராஜ். "சர்நேம் என்ன?" என்று கிளார்க் கேட்டான். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அது இல்லாதவர்கள் எப்படி வெளிநாடு போவார்கள் என்று உண்மையான கவலையோடு கேட்டான். கடைசியில் இரண்டு பேரும் நான்தான் என்று கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் தாளில் சத்தியம் பண்ணினேன். வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் போட்டுக் கொடுத்தார்.

"ஏ ஞானம், இவ்வளவு வருசத்துல எங்கிட்ட ஒருத்தனும் உத்தரவு கேட்டதில்ல. இங்கிலீஷ்காரன் கேட்டுட்டான்" என்றார்.

மகள் ஜெஸ்ஸிக்கு அப்போது பதினொரு வயது. செம்பூர் வீட்டு வாசலில் நின்று கையாட்டினாள். அழவில்லை. நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டே டாக்சியில் ஏறினேன்.

3

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிர், அவித்த உருளைக்கிழங்கு, மழை. ஆனால் அங்கே ஒன்று பார்த்தேன். மிஷின்களை அவர்கள் போட்டு அடித்து உபயோகித்தார்கள். கீறல் விழுந்து, பெயின்ட் போய், ஒட்டுத்துணி சுற்றி நின்ற மிஷின்கள் பகலும் இரவும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நின்றால் இன்னொன்றை இழுத்து வந்தார்கள். உடைத்தவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அது பெரிய அதிசயம். நான் பயிற்சி பெற்ற எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் உதவிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். உடைத்தவள் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் நாங்கள் நோயாளியின் காய்ச்சலை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பம்பாய்க்கு வந்தபோதும் அதே பூட்டு, அதே அலமாரி. சாமானைக் காப்பாற்றுகிறவள் நல்ல சிஸ்டர். நம் நாட்டில் நர்ஸ்களுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது இதைத்தான்.

திரும்பி வந்தபோது மிஷின் எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. மேலே கனமான பிளாஸ்டிக் உறை. உறைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி. எனக்குத் துணி அறையில் வேலை போட்டிருந்தார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ரொட்டேஷன் என்று ஒரு வழக்கம் உண்டு. சிஸ்டர்களை ஒரே வார்டில் வைத்திருக்க மாட்டார்கள். முறை வைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேர் விட்டுவிடுவோமாம். அந்த முறையில் எனக்குத் துணி அறை வந்திருந்தது. நான் மேட்ரனிடம் போய் நின்றேன். அவர் மராத்திக்காரர், எங்களோடு இந்தியில்தான் பேசுவார்.

ஆறு மாதம் நீ வெளிநாட்டில் சுகமாக இருந்துவிட்டு வந்திருக்கிறாய், வந்ததும் உன்னைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் போட்டால் மற்றவர்களுக்கு மனசு பொறுக்காது என்றார். மிஷினை யார் ஓட்டுவது என்று கேட்டேன். "நீ ஒருத்திதானே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய்? நாளுக்கு மூன்று ஷிஃப்ட் இருக்கிறதே" என்றார். மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். சொல்லித் தருவதற்குள் அவர்கள் வேறு வார்டுக்குப் போய்விடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆக, படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத்துணி. தோபி கொண்டுவந்து போடுவான், நான் கிழிசலைத் தனியாகவும் கறையைத் தனியாகவும் பிரிப்பேன். வீட்டிலும் நிலைமை மாறியிருந்தது. நான் இல்லாத ஆறு மாதத்தில் ஜெஸ்ஸி தமிழை விட்டுவிட்டாள். "மம்மி, பானி வந்தாச்சு, பர்ணும்" என்பதுதான் அவள் பேசுகிற முழுத் தமிழ் வாக்கியம். தண்ணீர் வந்துவிட்டது, பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். தமிழ் எழுத்து அடியோடு மறந்துபோயிருந்தது. நான் அங்கிருந்து எழுதிய கடிதங்களையெல்லாம் அவள் அப்பாதான் வாசித்துக் காட்டினாராம். அலுப்பாக இருக்கும் இடங்களை அவர் தாண்டிவிடுவாராம்.

ஒருநாள் சாப்பிடும்போது துணி அறையைப் பற்றிப் புலம்பினேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இந்தியில் சொன்னாள்: "தும் தோ மிஷின் கே லியே கயீ தீ. அப் சாதர் கின்தீ ஹோ." மிஷினுக்காகத்தானே விட்டுவிட்டுப் போனாய், இப்போது விரிப்பு எண்ணுகிறாய் என்றாள். அவள் அப்பா சிரித்தார்.

4

இரண்டு தசராவுக்கு முன்னால், பூஜை முடிந்த மறுநாள், தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மௌஸி துணி அறைக்கு ஓடிவந்தாள். இங்கே வார்டு ஆயாக்களை மௌஸி என்றுதான் கூப்பிடுவோம். "மத்ராஸி பேஷன்ட் வந்திருக்கிறது, அதன் அம்மா அழுது பேசுவது யாருக்கும் புரியவில்லை, புரிந்த மகன் கட்டிலை விட்டு நகர முடியாது, நீ வா" என்றாள். மிஷின் ஓட்டத் தெரியும் என்பதற்காக என்னை அங்கே ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தமிழ் தெரியும் என்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

படுக்கையில் காஜா. ஷாகுலின் தம்பி. இருபது வயது இருக்கும். அண்ணன் பட்டறையில்தான் வேலை. சாதாரணக் காய்ச்சல் வந்து போனதாம். அதன் பிறகு கால் மரத்து, இடுப்பு மரத்து, கை விழுந்து, அன்று காலை மூச்சும் விட முடியவில்லை. காலில் தொடங்கி மேலே ஏறுகிற ஒரு வகை வாதம் அது. நெஞ்சுவரை ஏறிவிட்டால் ஆள் தானாக மூச்சு விட முடியாது. ஆனால் மூச்சை மட்டும் சில வாரம் நாம் தாங்கிப் பிடித்தால், ஏறிய வாதம் பெரும்பாலும் வந்த வழியே இறங்கிப் போய்விடும். ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். இங்கிலாந்தில் அப்படி நடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாங்கிப் பிடிப்பதற்கு எங்களிடம் இரண்டு வழி. ஒன்று மாலை போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. இன்னொன்று ரப்பர் பை. தொண்டையில் குழாய் போட்டு, அதன் வாயில் பையை மாட்டி, கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கினால் ஒரு மூச்சு. விட்டால் மூச்சு வெளியே வரும். இதற்கு ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. அதனால் வீட்டுக்காரர்களையே அமுக்கச் சொல்லுவார்கள். எந்த ஏழை ஆஸ்பத்திரியிலும் இது நடப்பதுதான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று முறை வைத்து அமுக்குவார்கள்.

ஷாகுல் அமுக்கிக்கொண்டிருந்தான். காஜாவுக்கு முழு நினைவு இருந்தது. பேச முடியாது, விரலை அசைக்க முடியாது; கண் மட்டும் அண்ணனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நோயைச் சொன்னேன், பிழைக்க வழி இருக்கிறது என்றும் சொன்னேன். பழக்கதோஷம், பாதி இந்தியில் சொல்லிவிட்டேன் போல. அவள் மலங்க மலங்க விழித்தாள். மறுபடியும் தமிழில் சொன்னேன்.

"அக்கா, எவ்வளவு நாளு அமுக்கணும்?" என்று ஷாகுல் கேட்டான்.

"சில வாரம் ஆவும் தம்பி."

"வாரமா? சரி. ஆளு இருக்கோம்லா." பிறகு மூலையைப் பார்த்தான். "அது என்னதுக்கா, மாலையெல்லாம் போட்டு?"

"அது மூச்சு விடுத மிஷினு."

அவன் கை அமுக்குவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தான், மிஷினைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வாய்க்கு வந்தபடி நாலு பேரைத் திட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலமே மேட்ரனிடம் போனேன். மூன்று ஷிஃப்ட்டுக்கு ஆள் எங்கே என்று பழைய பதிலையே சொன்னார். நானே நிற்கிறேன் என்றேன். "நின்று நின்று நீ தூங்கி விழுந்தால்? மிஷினில் ஆள் செத்தால் ஆஸ்பத்திரி கொன்றது என்பார்கள். பையில் செத்தால் அல்லா எடுத்துக்கொண்டான் என்பார்கள்" என்றார். இப்படிப் பச்சையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

5

அந்த வாரத்திலேயே நிதியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், அன்று ஒருநாள் மட்டும் என்னைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். நான் சுத்தமான தொப்பி வைத்துக்கொண்டு, ஆளில்லாத மிஷினை ஓடவிட்டுக் காட்டுவேன். அவள் கைதட்டுவாள். அவள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் உறை போட்டுவிடுவார்கள்.

இந்தத் தடவை சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. நோயாளி தயாராக இருக்கிறானே.

காலையில் மிஷினிலிருந்து மாலையை எடுத்தார்கள். குங்குமத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் புரியாதாம். மாலையை மௌஸி பத்திரமாக ஒரு டிரேயில் வைத்தாள். நான் காஜாவின் குழாயிலிருந்து பையைக் கழற்றி மிஷினை மாட்டினேன். அவன் நெஞ்சு சீராக எழுந்து இறங்கியது. கையால் அமுக்கும்போது ஒரு மூச்சு பெரிதாகவும் ஒரு மூச்சு சிறிதாகவும் போகும். அந்த ஏற்ற இறக்கம் நின்றதும் அவன் முகமே மாறியது. கண்ணை மூடினான். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவன் தூங்கி அப்போதுதான் பார்த்தேன்.

ஷாகுல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். விரல்கள் பையைப் பிடித்த மாதிரியே வளைந்து இருந்தன. மற்ற கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்தினான்.

"முதல்லயே இதை மாட்டியிருக்கலாமே அக்கா" என்றான்.

வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். காஜாவைப் பார்த்துக் கண் கலங்கினாள். நல்ல மனுஷி, பொய்யில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, நீதான் எங்கள் நிதியின் பலன் என்றாள். போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வாள், காஜாவுக்கு அந்த அரைநாள்கூடக் கிடைக்காது என்று தோன்றியது. இன்னும் ஒரு நாள் இவனைப் பார்க்க வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் டெல்லி போகிறேன் என்றாள்.

அவள் டிரஸ்டி வீட்டு விருந்துக்குப் போனதும் மேட்ரன் வந்தார். "கழற்று" என்றார்.

மாட்டேன் என்றேன். இவன் பிழைப்பான், எழுதித் தருகிறேன், சில வாரம் போதும், துணி அறைக்கு வேறு யாரையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். ரொட்டேஷன் லிஸ்டில் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார். அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இந்த மிஷின் தெரியாது சிஸ்டர், ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும் என்று அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

நான் கழற்றவில்லை. மேட்ரனே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அலாரம் அடித்தது. ஷாகுல் பாய்ந்து வந்து பையை மாட்டி அமுக்கத் தொடங்கினான். காஜா கண்ணைத் திறந்தான்.

மௌஸி டிரேயிலிருந்த மாலையை எடுத்து மறுபடியும் மிஷினுக்குப் போட்டாள். பூ வாடக்கூடாது என்று தண்ணீர்கூடத் தெளித்து வைத்திருந்தாள்.

6

டூட்டி முடிந்த பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளியோடு தங்குகிறவர்களுக்கு ஒரு பாஸ் உண்டு. ஷாகுல் அந்தப் பாஸை என்னிடம் நீட்டினான்.

"வாட்ச்மேன் கேட்டா எங்க லாத்தான்னு சொல்லுதேன். நீங்க இருங்கக்கா" என்றான். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா.

சொந்தக்காரர்கள் பையை அமுக்கலாம், மிஷினைத் தொடக்கூடாது. அதனால் சீமைக்குப் போய் மிஷின் படித்து வந்த ஞானசுந்தரி, அந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லாத்தாவாகப் பையை அமுக்கினேன். மேட்ரன் ஒருமுறை வந்து பார்த்தார். படுக்கையைச் சுற்றித் திரை வைக்கச் சொன்னாராம். மிஷின் ஓடியதைப் பார்த்த மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் மாட்டு என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் பட்டறைப் பையன்களும் ஒரு மாமாவும் முறை வைத்து வந்தார்கள். தீபாவளி ஆர்டர் இருந்தது, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டறை நின்றால் அத்தனை பேருக்கும் அடுப்பு எரியாது. உம்மாவின் கை வீங்கிவிட்டது. கடைசியில் ஷாகுல் ஒருத்தன்தான். நான் டூட்டி முடிந்து போய் அவனை விடுவிப்பேன். அவன் தூங்கப் போகாமல் பட்டறையில் ஆர்டர் வேலைக்கு உட்காருவான். காலையில் டூட்டிக்குத் திரும்பும்போது பையை அவனிடம் கொடுப்பேன்.

அப்படி ஒருநாள் மதியம் துணி அறையில் எனக்கு வேலை ஓடவில்லை. தேநீர் இடைவேளைக்கு மணி அடித்ததும் மாடிக்குப் போனேன். திரையை விலக்கினேன்.

ஷாகுல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். தலை கட்டில் கம்பியில் சாய்ந்திருந்தது. கை பையைப் பிடித்தபடியே இருந்தது, அமுக்கவில்லை. காஜாவின் கண் திறந்திருந்தது. அவன் எப்போதும் போல அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட அவனுக்குக் குரல் கிடையாது.

தொட்டுப் பார்த்தேன். நாடி இல்லை. உடம்பு சில்லிட ஆரம்பித்திருந்தது.

ஷாகுலின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பையை வாங்கினேன். அவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவு தூக்கம். நான் அமுக்கினேன். டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் ஓடிவந்து, பார்த்ததுமே புரிந்துகொண்டார். இருந்தாலும் நெஞ்சில் கையை வைத்து அழுத்தத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் ஷாகுல் விழித்தான்.

அவன் தன் கையைப் பார்த்தான். காலியாக இருந்தது. பை என் கையில் இருந்தது. டாக்டர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அக்கா," என்றான். "பையை நீங்க எப்ப வாங்கினிய?"

நான் வாயாடி. மேட்ரனையும் டிரஸ்டியையும் முகத்துக்கு நேரே கேட்டவள். உள்ளதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன் என்று எங்கள் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை வரவில்லை.

"கொஞ்சம் முன்னாலதான் தம்பி. நீ கண்ணசரட்டும்னு நானே வாங்குனேன்."

"நீங்க வாங்கும்போது உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் இருந்தாம்லா?" என்றான் ஷாகுல் மறுபடியும்.

"இருந்தான் தம்பி."

அவன் எழுந்து நின்றான். ஒரு நிமிஷம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. உம்மா வந்து என் தலைமுடியைப் பிடித்தாள். மௌஸிகள் விலக்கிவிட்டார்கள். நான் அழவில்லை, அழுதால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

7

இரண்டு நாளில் தாராவி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெள்ளைக்காரிக்கு வேடிக்கை காட்ட மிஷினில் மாட்டினாளாம், அதிலிருந்தே பையன் நிலைமை மோசமாகிவிட்டதாம், அண்ணன் உயிரோடு வைத்திருந்தவனை அவன் கையிலிருந்து பிடுங்கி முடித்துவிட்டாளாம். கிங்ஸ் சர்க்கிளில் நான் காய் வாங்கப் போனால் லேபர் கேம்ப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே யாருக்காவது மூச்சுத் திணறல் வந்தால் "எங்க வேணாலும் கொண்டு போங்க, அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேண்டாம்" என்கிறார்களாம். அப்படிச் சொல்லி வீட்டிலேயே வைத்திருந்து எத்தனை பேர் செத்தார்களோ, எனக்குத் தெரியாது. என் பொய்க்கு அவர்களும் சேர்ந்துதான் விலை கொடுக்கிறார்கள் என்று சில நாள் தோன்றும்.

நிதியின் ஆண்டு மலரில் என் போட்டோ வந்தது. நான் மிஷினில் கை வைத்துச் சிரிக்கிறேன். பின்னால் காஜா தூங்குகிறான். ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், ஷாகுலின் வளைந்த கை தெரிகிறது. கீழே, ஒரு நர்ஸ் தலைவி ஓர் உயிரைக் காக்கிறார் என்று எழுதியிருந்தது. ஜெஸ்ஸி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். திரும்பி வந்து, "மம்மி, அந்த ஆள் இப்போ எப்படி இருக்கான்?" என்று இந்தியில் கேட்டாள். என்னைப் பற்றி அவள் பெருமையாகக் கேட்ட முதல் கேள்வி. நன்றாக இருக்கிறான் என்றேன்.

நிதி இந்த வருஷம் இன்னொரு சிஸ்டரை அழைக்கிறது. அந்த மலரில் என் போட்டோவைப் பார்த்துத்தான் அப்படி முடிவு செய்தார்களாம். போகிறவள் திரும்பி வரும்போது துணி அறை அவளுக்காகக் காலியாக இருக்கும்.

இதையெல்லாம் எழுத எனக்குத் தைரியம் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷாகுல் பம்பாயில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. தமிழ் போய்விட்டதே என்று நம்மவர்கள் கூட்டம் போட்டு வருத்தப்படுகிறார்கள். எனக்கு மட்டும் அது இப்படி உதவுகிறது.

நேற்றைய அந்த அறை வாசலுக்கே திரும்பி வருகிறேன். வேறு சிஸ்டர் இல்லையா என்று அவன் கேட்டதும், அவன் மனைவி பதறினாள்.

"பிள்ளை துடிக்குது, யாரா இருந்தா என்ன?"

"இந்தம்மா கை இவன்மேல படக்கூடாது. என் தம்பி எங்கையில இருந்தவரைக்கும் உசுரோடதான் இருந்தான். வேணும்னா கேட்டுப் பாரு, அவங்களே சொல்லுவாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொல்லுங்க. இருந்தானா இல்லியா?"

சத்தமாகத்தான் கேட்டான். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். ஆனால் அவன் கண் கெஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அவனும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான் என்று தெரிந்தது.

"இருந்தான்" என்றேன். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

அடுத்த அறை சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே ஷாகுலின் குரல் கேட்டது.

"காஜா, கையை நீட்டு வாப்பா. வலிக்காது."